ஒழுக்கமும் பண்பும்: நன்று!

அடங்காத பிள்ளைகளைப் பற்றி எழுதி எழுதி வைக்கிறோம். எழுதியதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். மாற்றுச் சான்றிதழ், பேச்சு வழக்கில் டி.சி. பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் என்று போகும் அந்தத் தாளில், ‘ஒழுக்கமும் பண்பும்’ என்று ஒரு வரி இருக்கும். எதிரே ஒரே சொல்: நன்று. முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு வித்தியாசம் இல்லை. பலர் விஷயத்தில், பிள்ளை வந்து கேட்பதற்கு முன்பே அலுவலகத்தில் அந்தச் சொல்லை எழுதி அடுக்கி வைத்திருப்பார்கள்.

2022 மே மாதம் அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஆபத்து வந்தது. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் முழுவதுமாக இயங்கத் தொடங்கியிருந்த நேரம். ஆசிரியரை அடிக்கப் பாயும் மாணவர், வகுப்பறை மேசையைப் போட்டு உடைக்கும் கும்பல் என்று செல்போன் காட்சிகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஆசிரியரிடம் அத்துமீறும் மாணவர் நிரந்தரமாக நீக்கப்படுவார், காரணத்தை டி.சி.யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதியே கொடுப்போம் என்று தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். பலர் கை தட்டினார்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் தாளில் அப்படி எழுதிவிட்டால் அடுத்த பள்ளி அவனைச் சேர்க்குமா என்று சிலர் கேட்டார்கள். அந்தப் பிள்ளை ஏன் அப்படி ஆனான் என்ற கேள்வி மட்டும் இரண்டு தரப்பின் சத்தத்திலும் அமுங்கிப்போனது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

நாற்பதில் மூன்று

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. பெருநகரங்களில் இது 13.5 சதவீதம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பு என்று வைத்துக்கொண்டால் மூன்று பேர். சென்னை மாதிரி ஊரில் ஐந்து பேர்.

என்.சி.இ.ஆர்.டி. 2022இன் தொடக்கத்தில் நாடு முழுவதும் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் கேட்டது. பதற்றத்துக்குக் காரணமாகப் படிப்பையும் தேர்வையும் முடிவுகளையும் சொன்னவர்கள் 81 சதவீதம். அதே 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு.

சண்டை, அடாவடி, கட் அடிப்பது ஆகியவற்றை ‘ஒழுக்கப் பிரச்சினை’ என்று ஒரு கோப்பில் வைக்கிறோம். அழுகை, பயம், உயிரை விடும் எண்ணம் ஆகியவற்றை ‘மனநலம்’ என்று வேறொரு கோப்பில் வைக்கிறோம். ஒன்றுக்கு மருந்து தண்டனை, மற்றதற்கு அனுதாபம். ஆனால் பதின்வயதுப் பிள்ளைக்குள் இந்த இரண்டும் ஒரே அறையில்தான் குடியிருக்கின்றன. பெரியவர்களுக்கு மனம் சோர்ந்தால் முகம் வாடும். பதினைந்து வயதில் அதே சோர்வு எரிச்சலாக, எடுத்தெறிந்த பேச்சாக, கைகலப்பாக வெளிவரலாம். எரிச்சல் பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு முக்கியமான அறிகுறி என்று மருத்துவப் பாடநூல்களே சொல்கின்றன.

மூளையின் வளர்ச்சியும் இதற்குத் துணை போகிறது. ஆசை, கோபம், பரபரப்பு இவற்றைக் கிளப்பும் பகுதிகள் பருவ வயதிலேயே வேகம் பிடித்துவிடுகின்றன. ‘கொஞ்சம் பொறு’ என்று கடிவாளம் பிடிக்கும் நெற்றிப் பக்க மூளையோ இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முழுமையாக முதிர்கிறது. வண்டிக்கு என்ஜின் வந்துவிட்டது; பிரேக் இன்னும் பட்டறையில் இருக்கிறது.

கடைசி பெஞ்சு என்ன சொல்கிறது?

எந்த ஊர் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தாலும் நான்கு பேரைப் பார்க்கலாம்.

முதலாவது, பாடம் நடக்கும்போது ஓயாமல் சலசலப்பவன். அவனை எழுப்பிப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னால் ஏதாவது ஜோக் அடித்து வகுப்பைச் சிரிக்க வைப்பான். ‘திமிர்’ என்று அவனுக்குப் பெயர். அவனுக்கு எழுத்துக்கூட்டிக்கூடச் சரியாகப் படிக்க வராது என்பது பல நேரம் வெளியே தெரியாது. 2023இல் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் நடத்திய ‘அசர்’ ஆய்வில், நான்கில் ஒருவரால் தம் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்க முடியவில்லை. எட்டாம் வகுப்புவரை எல்லோரும் தேர்ச்சி. ஒன்பதில் காலடி வைத்ததும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பயம். முட்டாள் என்று பெயர் எடுப்பதைவிட ரவுடி என்று பெயர் எடுப்பது ஒரு பையனுக்கு மானம் காக்கும் வழி. பின்தங்கிய பிள்ளைகளுக்காக ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கிய ‘திறன்’ திட்டத்தைப் படிப்புத் திட்டமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. சரியாக நடந்தால் அதுவே நல்ல ஒழுக்கத் திட்டமும்கூட.

இரண்டாமவன் முதல் பீரியடிலேயே தூங்கி விழுபவன். பதின்வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராது. தேவையோ எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம். காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை டியூஷன், நள்ளிரவுவரை செல்போன் என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிந்துவிடும். செல்போனே காரணமாக இல்லாத வீடுகளும் உண்டு. அப்பா டாஸ்மாக்கிலிருந்து எப்போது வருவார், வந்ததும் அம்மாவை என்ன செய்வார் என்று காது கொடுத்தபடி கிடக்கும் பிள்ளைக்குத் தூக்கம் எப்படி வரும்? காலையில் அவன் கண் சொருகுவதைத்தான் நாம் சோம்பேறித்தனம் என்கிறோம்.

மூன்றாமவன் உதட்டுக்கு உள்ளே எதையோ அதக்கி வைத்திருப்பவன். ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலத்தின் பெயர் தெரியாத ஆசிரியர் இன்று தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். 2013 முதல் குட்கா வகைகளுக்கு இங்கே தடை. பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. இருந்தும் பையன் கைக்கு அது வந்துசேர்கிறது. பிடிபட்டால் சஸ்பெண்ட். சஸ்பெண்ட் ஆனவனுக்கு நாள் முழுக்க ஓய்வு. அந்த ஓய்வில் அவனுக்குத் துணை, அதை விற்றவன்தான்.

நான்காவது ஆள் ஒரு பெண். இவளைப் பற்றி எந்த டைரியிலும் எந்தக் குறிப்பும் இருக்காது. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் பேச மாட்டாள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைப்பாள். மாமன் மகனுக்கு நிச்சயம் பேசுகிறார்களா, வீட்டில் யாரோ தொந்தரவு செய்கிறார்களா, தன் உடம்பே தனக்குப் பிடிக்கவில்லையா என்று தெரியாது. யாரும் கேட்டதில்லை. ‘தங்கமான பிள்ளை’ என்பது அவளுக்குக் கிடைத்த நற்சான்று. சத்தம் போடுபவன் தொந்தரவு தருவதாலாவது கண்ணில் படுகிறான். இவள் யாருக்கும் தொந்தரவு தராமலேயே மூழ்குகிறாள்.

மணிக்கட்டில் ஒரு கயிறு

எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே தேடுவதும் தவறாகிவிடும். நாங்குநேரியை மறக்க முடியாது.

2023 ஆகஸ்டில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவர், சக மாணவர்களின் சாதித் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொல்லி, புகார் எழுதிக் கொடுத்தார். அன்று இரவே வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிய தங்கைக்கும் வெட்டு. ஒரு பிள்ளை நம்பி எழுதிக் கொடுத்த தாள், அந்தப் பிள்ளையைக் காப்பதற்குப் பதிலாகக் காட்டிக்கொடுத்தது.

வெட்டியவர்களுக்கு மனநோய் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. சாதிப் பெருமை மனநோய் அல்ல. வீட்டிலும் தெருவிலும் திருவிழாவிலும் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம். பள்ளிக்கு அது மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறாக வருகிறது. அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை 2019லேயே சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியது, சுற்றறிக்கை தூங்கிப்போனது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, பொட்டு முதலிய சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, ஆசிரியர்களுக்குக் குறிப்பிட்ட காலத்தில் இடமாற்றம், மாணவர் நலனைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலர் என்று அதில் பரிந்துரைகள் நிறைய. பொட்டையும் கயிற்றையும் பற்றி ஊரெல்லாம் விவாதம் நடந்தது. நல அலுவலரைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அரிவாளுக்கு எப்போதும் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை வெட்டினான். குறுக்கே போன ஆசிரியைக்கும் காயம். பென்சில் தகராறு என்றது காவல்துறை. பென்சிலுக்காக ஒருவன் புத்தகப் பையில் அரிவாளோடு வருகிறான் என்றால், தகராறு முற்றிய அத்தனை நாளும் அதைக் கேட்க ஒரு காது அங்கே இல்லை என்றுதானே பொருள்?

பிரம்பு போனது, பதிலுக்கு என்ன வந்தது?

ஆசிரியர்கள் பக்கமும் போய் உட்கார வேண்டும். எந்தப் பள்ளியின் ஓய்வறையிலும் கேட்கக்கூடிய புலம்பல் இது: “அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, வெளியே நிறுத்தக் கூடாது. அப்போ என்னதான் சார் பண்றது?”

கேள்வி நியாயமானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது. செய்ய வேண்டியதுதான். ‘அடியாத மாடு படியாது’ என்று வளர்ந்த சமூகத்தின் கையிலிருந்து பிரம்பை வாங்கிக்கொண்டோம். பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை. ஒரு கையில் பாடம், மறு கையில் ‘எமிஸ்’ கல்வித் தகவல் தளப் பதிவேற்றம், நடுவில் தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டம். இதற்கிடையே நாற்பது பேரில் அந்த மூன்று பேரை எப்போது கண்டுபிடிப்பது?

கையில் மிச்சமிருந்த ஆயுதம், எழுதுவது. டைரியில் ரிமார்க்ஸ் எழுதுவது, பெற்றோரைக் கூட்டி வா என்று எழுதி அனுப்புவது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். டைரியில் அவர் எழுதிய குறிப்புகள் வீட்டில் அவனுக்கு ஏச்சு வாங்கித் தந்தன என்று அப்போது செய்திகள் வந்தன. தன் கடமையைச் செய்தவர் அந்த ஆசிரியை. அவர் மீது ஒரு துளிக் குற்றமும் இல்லை. ஆனால் வகுப்பறையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து வகுப்பறைக்கும் போய்வந்த அந்த டைரியை, நடுவில் நின்று படிக்க மூன்றாவது மனிதர் ஒருவர் இருந்திருந்தால்?

அதிர்ந்துபோன அரசு 2013இல் நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. மொத்தம் பத்து வண்டிகள். அன்றைய 32 மாவட்டங்களுக்கும் சேர்த்து. 2022இல் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளி மாணவி இறந்ததை ஒட்டிய நாட்களில், பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டிகள் பேசுபொருளாயின. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மட்டுமே ஆறாயிரத்துக்கு மேல் இருக்கும் மாநிலத்தில், வண்டி ஒரு பள்ளிக்கு எப்போது வரும், பெட்டியை யார் திறப்பார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாளந்தாவில் ஒரு பெட்டி

பெட்டி வேலை செய்யுமா? செய்த ஓர் இடம் இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டம்.

அங்கே 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘செஹர்’ என்ற பெயரில் நடந்த பரிசோதனையின் முடிவுகள் 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழுக்கள், போட்டிகள், மனதில் உள்ளதைப் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி, தேவைப்படுவோருக்குத் தனியாக ஆலோசனை. இவ்வளவுதான் திட்டம். சில பள்ளிகளில் இதை நடத்தும் பொறுப்பை அங்குள்ள ஆசிரியருக்கே பயிற்சி கொடுத்து ஒப்படைத்தார்கள். சில பள்ளிகளில் இதற்கென்றே வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். அந்த ஆலோசகர்கள் பெரிய மனநல நிபுணர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள்.

ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, சீண்டலும் வன்முறையும் குறைந்தன, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. பெட்டி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். திறந்த கை வேறு.

ஐரோப்பாவின் பத்து நாடுகளில் பதினோராயிரம் மாணவர்களோடு நடந்த இன்னொரு ஆய்வும், 2015இல், ஏறக்குறைய இதே திசையைக் காட்டியது. மாணவர்களுக்கே நேரடியாக, தங்கள் மனதைப் பற்றியும் நண்பனுக்கு உதவுவதைப் பற்றியும் சில மணி நேரம் பேசவும் நடித்துப் பார்க்கவும் வாய்ப்புக் கொடுத்த பள்ளிகளில், ஓராண்டு கழித்துத் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு நிறுத்திய பள்ளிகளில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை.

ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மார்க் போடும் கையிடம் மனதைத் திறக்கப் பிள்ளைக்குத் தயக்கம் இருக்கும். ஒன்பதாவது வேலையாக மனநலத்தையும் தலையில் கட்டினால் ஆசிரியராலும் சுமக்க முடியாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைத் தமிழ்நாடு எப்படி நிறைவேற்றுகிறது என்பதில்தான் அடுத்த பத்தாண்டு இருக்கிறது. இருக்கிற ஆசிரியர் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆலோசகர்’ என்று எழுதிவிட்டுக் கணக்கை முடித்தால், நாளந்தா சொன்ன பாடத்தைத் தலைகீழாகப் படித்தவர்களாவோம்.

அரசு மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்ற ரேங்க் பட்டியலைத் தமிழ்நாடு ஒழித்தது. தோற்றவர்கள் உடனே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டிலேயே மேலே படிக்கலாம். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. இவை ஒவ்வொன்றும் எத்தனையோ வீடுகளில் மே மாத இரவுகளின் பாரத்தைக் குறைத்தவை. எந்த உளவியல் நிபுணரும் தேவைப்படாமல், ஓர் அரசாணையால் செய்த மனநல சிகிச்சை.

வீட்டுக்குள்

பெற்றோருக்குக் கடினமான பாடம் ஒன்று உண்டு: பிள்ளை பேசும்போது தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது. “இதுக்குப் போயா?” என்ற ஒரு சொல் போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு வாயைத் திறக்க மாட்டான். செல்போனைப் பிடுங்குவது எளிது. பிடுங்கிய நேரத்தில் அவனோடு பேச வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசித்துவிட்டுப் பிடுங்கலாம்.

எல்லாக் கோபமும் நோய் ஆகிவிடாது. கதவைச் சாத்திக்கொள்வது, கண்ணாடி முன் நிற்பது, எதிர்த்துப் பேசுவது எல்லாம் அந்த வயதின் இயல்பு. ஆனால் தூக்கம், சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் என்ற நான்கும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தடம் மாறினால் கவனிக்க வேண்டும். பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே’ என்ற பேச்சு, உடம்பில் கீறிக்கொள்ளும் தழும்பு இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்கு, யாரோ பார்த்துவிட்டார்கள் என்ற ஆறுதல்தான் வரும்.

பேச வேண்டுமா?

டெலிமனஸ் மனநல உதவி எண்: 14416
தமிழ்நாடு சுகாதார உதவி மையம்: 104
பள்ளிக் கல்வித் துறை உதவி எண்: 14417
குழந்தைகள் உதவி எண்: 1098
சிநேகா, சென்னை: 044-24640050

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வகுப்பறைக்கோ அக்கம்பக்கத்துக்கோ தெரியாமல் பிள்ளையை அங்கே அழைத்துப் போகலாம்.

அந்த ஒரு வரி

மறுபடி அந்த டி.சி.க்கு வருவோம். 2022இல் நாம் பயந்தது, சலசலப்பவனின் தாளில் மோசமாக ஏதாவது எழுதிவிடுவார்களோ என்று. அதைவிடப் பயப்பட வேண்டிய தாள் ஒன்று இருக்கிறது. மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்த அந்தப் பெண்ணின் தாள்.

ஐந்து ஆண்டு அதே பள்ளியில் படித்திருப்பாள். ஒரு நாளும் அவளால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவளும் அலுவலக ஜன்னலில் வந்து நிற்பாள். அவளுக்கும் எழுதிவைத்திருப்பார்கள்: நன்று.